போனைத் திறந்து காட்டச் சொன்னால்?

(மன்னார்குடி பந்தலடிப் பக்கம் செல்போன் சர்வீஸ் கடை நடத்தும் ‘கடை அக்கா’, வாசகர் கேள்விகளுக்கு மாதந்தோறும் பதில் சொல்கிறார்.)

இந்த மாதக் கடிதங்களில் பாதிக்கு மேல் வெளிநாட்டுப் பயணத்தைப் பற்றியவை. திருச்சி ஏர்போர்ட் பக்கத்தில் இருப்பதால் நம் ஊர்க்காரர்களுக்கு சிங்கப்பூர், கோலாலம்பூர், துபாய் எல்லாம் சென்னைக்குப் போய்வருகிற மாதிரி ஆகிவிட்டது. ஆனால் பாஸ்போர்ட்டையும் நகையையும் பத்து தடவை தொட்டுப் பார்க்கிறவர்கள் போனை மட்டும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். அதனால் இந்த முறை அதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். பேட்டரி உப்புகிறது, டிஸ்பிளேயில் பச்சைக் கோடு விழுகிறது என்று எழுதியவர்கள் அடுத்த மாதம் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகளுக்கு அமெரிக்காவில் எம்.எஸ். படிக்க இடம் கிடைத்து விசாவும் வந்துவிட்டது. “ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் எல்லாவற்றையும் அழித்துவிட்டு, புது போன் வாங்கிக்கொண்டு போகச் சொல்லுங்கள்; இறங்கியதும் போனைப் பிடுங்கிப் பார்க்கிறார்கள்” என்கிறார் ஏஜென்ட். உண்மையா?
– ஒரு தகப்பனார், கும்பகோணம்

ஐயா, ஏஜென்ட் சொல்வதில் கால்வாசி உண்மை. அமெரிக்காவின் சுங்க, எல்லைப் பாதுகாப்புத் துறைக்கு, நாட்டுக்குள் வருகிற யாருடைய போனையும் லேப்டாப்பையும் வாரண்ட் இல்லாமல் பார்க்க அதிகாரம் உண்டு. கைதான ஒருவரின் போனைப் பார்க்கவே போலீஸ் வாரண்ட் வாங்க வேண்டும் என்று அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் 2014-இல் சொன்னது. ஆனால் எல்லையில் அந்தக் கணக்கு செல்லாது.

அதற்காக இறங்குகிற எல்லோரையும் ஓரங்கட்டுகிறார்கள் என்று நினைக்காதீர்கள். அவர்களே வெளியிட்ட கணக்குப்படி 2024 நிதியாண்டில் 42 கோடிக்கு மேற்பட்ட பயணிகள் வந்து போனார்கள்; சோதிக்கப்பட்ட சாதனங்கள் 47,000 சொச்சம். ஏறக்குறைய பத்தாயிரத்துக்கு ஒன்று. அந்த ஒன்று உங்கள் மகளாகவும் இருக்கலாம் என்பதால் விவரத்தைத் தெரிந்துகொண்டு போகட்டும்.

சோதனையில் இரண்டு வகை. ஒன்று, அதிகாரி போனைக் கையில் வாங்கி விரலால் தள்ளித் தள்ளிப் பார்ப்பது. இன்னொன்று, வேறொரு கருவியில் மாட்டி உள்ளே இருப்பதை நகல் எடுத்து அலசுவது. இரண்டாவதற்கு நியாயமான சந்தேகமோ தேசப் பாதுகாப்புக் காரணமோ இருக்க வேண்டும், மேலதிகாரியின் ஒப்புதலும் வேண்டும். இது 2018 ஜனவரியில் அவர்களே போட்டுக்கொண்ட விதி. அதே விதியில் நமக்கு மிகவும் உதவுகிற ஒரு வரி இருக்கிறது: போனுக்குள் இருப்பதைத்தான் பார்க்கலாம், நெட்டில் இருப்பதை இழுத்துப் பார்க்கக் கூடாது. அதனால் சோதனைக்கு முன் நெட் தொடர்பைத் துண்டிப்பார்கள், ஏர்பிளேன் மோடில் போடச் சொல்வார்கள்.

இதிலிருந்தே வழி கிடைக்கிறது. போனில் இல்லாததை யாராலும் போனில் பார்க்க முடியாது. மகளிடம் சொல்லுங்கள்: ஒளிக்க வேண்டாம், குறைத்துக்கொண்டு போகட்டும். பத்து வருஷத்துப் படங்கள், அம்மாவின் மருத்துவ ரிப்போர்ட், உங்கள் வீட்டுப் பத்திரத்தின் ஸ்கேன், வங்கி ஆப் – இதெல்லாம் விமானத்தில் ஏற வேண்டிய அவசியமே இல்லை. வீட்டில் ஒரு ஹார்ட் டிஸ்கில் இறக்கி வையுங்கள், அல்லது கிளவுடில் ஏற்றிவிட்டு போனிலிருந்து எடுத்துவிடுங்கள். போய்ச் சேர்ந்த பிறகு நிதானமாக இறக்கிக்கொள்ளலாம்.

ஆனால் ஃபேஸ்புக்கையும் இன்ஸ்டாவையும் அழிக்கச் சொன்னாரே, அது தவறான யோசனை. விசா விண்ணப்பத்தில் கடந்த 5 வருஷம் பயன்படுத்திய சமூக வலைத்தளக் கணக்குகளின் பெயரை மகள் எழுதிக் கொடுத்திருப்பாள். 2019-லிருந்து அது கட்டாயம். போதாக்குறைக்கு 2025 ஜூனிலிருந்து, மாணவர் விசா கேட்கிறவர்கள் அந்தக் கணக்குகளை எல்லோரும் பார்க்கும்படி பொதுவில் வைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். தாளில் கணக்கு இருக்கிறது, நெட்டில் தேடினால் காணோம் என்றால் இல்லாத சந்தேகம் வரும். அப்போது கவுன்ட்டரில் நின்று பதில் சொல்ல ஏஜென்ட் வரப்போவதில்லை.

புது போன் வாங்குவது உங்கள் விருப்பம். என்னைக் கேட்டால் அந்தக் காசுக்கு மகளுக்கு நல்ல குளிர் கோட்டு வாங்கிக் கொடுங்கள். நாலு படம்கூட இல்லாமல் துடைத்து வைத்த போனைவிட, அம்மா அழைப்பும் காலேஜ் மெயிலும் இருக்கிற சாதாரண போன் இயல்பாக இருக்கும்.

இனி கிளம்பும் நாள். முகம், கைரேகை லாக்கை எடுத்துவிட்டு, 6 இலக்கத்துக்குக் குறையாத பின் நம்பர் போடட்டும். பிறந்த தேதி வேண்டாம். விமானம் தரையிறங்கும்போது போனை முழுக்க ஆஃப் செய்யட்டும். ஸ்கிரீனை அணைத்தால் போதாது. ஆஃப் செய்து ஆன் செய்த போனில் ஒருமுறை பின் நம்பர் அடிக்கும் வரை உள்ளே இருக்கிற தரவின் பூட்டுச்சாவி நினைவகத்துக்கு வருவதில்லை. நகல் எடுக்கும் கருவிகளுக்கும் அந்த நிலையில் இருக்கிற போன்தான் கடினம். என் மேசைக்கு வருகிற போன்களிலும் இதைப் பார்க்கிறேன்: ஒரு தடவை திறந்து பூட்டிய போன் வேறு, ஆன் செய்து இன்னும் திறக்காத போன் வேறு.

பல்கலைக்கழகம் கொடுத்த ஐ-20 படிவம், அனுமதிக் கடிதம், தங்குமிட முகவரி எல்லாம் தாளில் கையில் இருக்கட்டும். “இதோ மெயிலில் இருக்கிறது சார்” என்று நாமே போனைத் திறந்து அதிகாரியிடம் நீட்டுவதைவிட வேறு வினை வேண்டாம்.

பின் நம்பர் கேட்டால்? அந்த நாட்டுக் குடிமகனாக இருந்தால், மறுத்தாலும் உள்ளே விட்டாக வேண்டும். போனை மட்டும் பிடித்து வைப்பார்கள். நம் பிள்ளை விசாவில் போகிறவள். மறுத்தால் திருப்பி அனுப்ப அவர்களுக்கு அதிகாரம் இருக்கிறது. இதை வீட்டில் உட்கார்ந்து முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள், கவுன்ட்டரில் நின்று யோசிக்க வேண்டாம். காட்டுவது என்று முடிவெடுத்தால் நம்பரை வாயால் சொல்லாமல் தானே அடித்துத் திறந்து கொடுக்கலாமா என்று கேட்கட்டும். போனை வாங்கி வைத்துக்கொண்டால் ரசீது கேட்டு வாங்கட்டும். திரும்பக் கைக்கு வந்ததும் பின் நம்பரையும் மெயில் பாஸ்வேர்டையும் மாற்றட்டும். எந்த நிலையிலும் பொய் சொல்லக் கூடாது. வரிசையில் நின்றுகொண்டு எதையும் அழிக்கவும் கூடாது.

அக்கா, என் வீட்டுக்காரர் துபாய் சபரில் (வெளிநாட்டு வேலையில்) இருக்கிறார். லீவு முடிந்து போகும்போது என்னுடைய பழைய போனை அங்கே பயன்படுத்த எடுத்துப் போகிறேன் என்கிறார். அதில் வீட்டில் எடுத்த என் படங்கள் நிறைய இருந்தன. எல்லாவற்றையும் டெலிட் பண்ணிவிட்டேன். ஏர்போர்ட்டிலோ, அங்கே அவருடன் ரூமில் இருப்பவர்களோ யாரும் பார்த்துவிடுவார்களா?
– பெயர் வேண்டாம், கூத்தாநல்லூர்

நல்லவேளை, போவதற்கு முன் கேட்டாயம்மா. ஏர்போர்ட் அதிகாரியைப் பற்றி இதில் எனக்கு அவ்வளவு கவலை இல்லை. கூட்டு ரூமில் மேசை மேல் கிடக்கிற போன்தான் கவலை. அங்கே ரிப்பேர் ஆகி ஒரு கடையில் கொடுத்தால் அது இன்னொரு கவலை. பெண்கள் போனைப் பழுதுபார்க்க என் கடையைத் தேடி வருவதற்கே காரணம் இதுதான், உனக்குத் தெரியாததா.

கேலரியில் டெலிட் பண்ணிய படம் எங்கெங்கே உயிரோடு இருக்கும் என்று சொல்கிறேன், போனைக் கையில் வைத்துக்கொண்டு படி. முதலில் கேலரியிலேயே இருக்கிற குப்பைத்தொட்டி. சாம்சங், ஐபோன் இரண்டிலும் அழித்த படம் 30 நாள் அதில் கிடக்கும். கூகுள் போட்டோஸில் ஏற்றி வைத்த படமென்றால் அங்கே தனிக் குப்பைத்தொட்டி, அதில் 60 நாள். அடுத்து வாட்ஸ்அப். ஃபைல் மேனேஜரைத் திறந்து ‘ஆண்ட்ராய்டு’, ‘மீடியா’, அதற்குள் வாட்ஸ்அப் ஃபோல்டர், அதற்குள் ‘வாட்ஸ்அப் இமேஜஸ்’, அதற்குள்ளே ‘சென்ட்’ என்று ஒன்று இருக்கும். நீ அவருக்கு அனுப்பிய படங்களின் நகல் அங்கே வரிசையாக நிற்கும். அது கேலரியில் தெரியாது. தெரியாததால்தான் நிறையப் பேருக்கு அப்படி ஒரு இடம் இருப்பதே தெரியவில்லை. மூன்று வருஷத்துக்கு முந்தின படத்தை அந்த ஃபோல்டரில் காட்டினால் கவுன்ட்டரில் நிற்கிறவர்கள் முகம் வெளுத்துப்போகும்.

கடைசியாக மெமரி கார்டு. போனின் உள் நினைவகம் பூட்டிய அறை மாதிரி. மெமரி கார்டு திண்ணை. பெரும்பாலும் அதில் பூட்டே கிடையாது. கழற்றி எந்த கம்ப்யூட்டரில் போட்டாலும் திறக்கும், அழித்த படத்தையும் மீட்டு எடுக்கலாம். அதனால் கார்டைக் கழற்றி உன் அலமாரியில் வைத்துக்கொள், போனோடு அனுப்பாதே.

இப்படி ஒவ்வொரு இடமாக அழித்துக்கொண்டிருக்காமல் முழு ரீசெட் செய்வதுதான் உன் விஷயத்தில் சரி. இப்போது வருகிற போன்களில் தரவெல்லாம் பூட்டிய வடிவத்தில்தான் இருக்கிறது. ரீசெட் செய்தால் அந்தச் சாவியே அழிந்துவிடும், மிச்சம் இருப்பதை யாராலும் படிக்க முடியாது. ஆனால் வரிசை தவறக் கூடாது. முதலில் வேண்டிய படங்களை உன் புதிய போனுக்கு மாற்று. அடுத்து செட்டிங்ஸில் போய் உன் கூகுள் கணக்கை நீக்கு. நீக்காமல் ரீசெட் செய்தால் அவர் துபாயில் ஆன் செய்யும்போது பழைய கணக்கின் பாஸ்வேர்டைக் கேட்டுக்கொண்டு நிற்கும். அதன் பிறகு ரீசெட். அவர் தன் சொந்த மெயிலைப் போட்டுத் தொடங்கட்டும். உன் கணக்கைப் போட்டால் உன் புதிய போனில் எடுக்கிற படமும் அந்த போனில் போய் நிற்கும், ஜாக்கிரதை.

அங்கே போன பிறகும் நீ படம் அனுப்புவாய், அவர் பார்ப்பார். இதில் நான் என்ன சொல்ல. ஒருமுறை மட்டும் பார்க்கும்படி அனுப்புகிற வசதி வாட்ஸ்அப்பில் இருக்கிறது. சாட்டைத் தனியாகப் பூட்டவும் வழி இருக்கிறது. இரண்டையும் அவருக்குச் சொல்லிக் கொடு.

அமீரகத்தில் வாட்ஸ்அப் அழைப்பு வேலை செய்யாது என்பது உங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதற்காக விபிஎன் (நெட் தடையைச் சுற்றிப் போகிற ஆப்) போட்டுத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அவர் யோசித்துக்கொள்ளட்டும். குற்றம் செய்வதற்கு விபிஎன் பயன்படுத்தினால் 5 லட்சம் முதல் 20 லட்சம் திர்ஹம் வரை அபராதம் என்று 2021-இன் சைபர் குற்றச் சட்டத்தில் இருக்கிறது. அங்கே அனுமதி பெற்ற ஆப்பில் பேசிக்கொள்ளுங்கள். அடுத்தவரை அவர் சம்மதம் இல்லாமல் படம் எடுப்பதும் அதே சட்டத்தில் குற்றம். ரூமில் விளையாட்டுக்கு வீடியோ எடுக்கிற பழக்கம் இருந்தால் விட்டுவிடச் சொல்.

பக்கத்து வீட்டுக்காரர் சிங்கப்பூரில் இருக்கும் தம்பிக்கு ஒரு ஹார்ட் டிஸ்கும், பிரிக்காத ஒரு சின்ன பெட்டியும் கொடுத்து அனுப்புகிறார். சார்ஜர் என்கிறார். மறுத்தால் மனக்கசப்பு. என்ன செய்வது?
– ஒரு வாசகர், முத்துப்பேட்டை

மனக்கசப்பு ஒரு வாரத்தில் போய்விடும், மறுத்துவிடுங்கள்.

குருவியாக, அதாவது காசுக்குப் பொருள் சுமந்து போகிறவர்களுக்கு அது தொழில், ஆபத்து தெரிந்து போகிறார்கள். நீங்கள் உதவிக்குப் போய் மாட்டிக்கொள்ளாதீர்கள். உங்கள் பையில் இருப்பது உங்கள் பொருள். “அண்ணன் கொடுத்தது” என்கிற பதில் எந்த நாட்டுக் கவுன்ட்டரிலும் செல்லாது. ஹார்ட் டிஸ்கில் கல்யாண வீடியோ இருக்கலாம். வேறு ஏதாவதும் இருக்கலாம். திறந்து காட்டு என்றால் பாஸ்வேர்ட் உங்களிடம் இருக்காது, உள்ளே என்ன என்றும் தெரியாது. அந்தச் சின்ன பெட்டி இன்னும் மோசம். பேனா மாதிரி, சார்ஜர் மாதிரி இருக்கிற இ-சிகரெட்டை வைத்திருப்பதே 2018-லிருந்து சிங்கப்பூரில் குற்றம். நம் நாட்டிலும் 2019-லிருந்து அதை விற்கவோ கொண்டுவரவோ கூடாது.

கல்யாண வீடியோதான் என்றால் நெட்டில் ஏற்றி லிங்க் அனுப்பச் சொல்லுங்கள். ஏற்றத் தெரியாவிட்டால் என் கடைக்கு அனுப்புங்கள்.

“குற்றம் சாட்டப்பட்ட யாரையும் தனக்கு எதிராகச் சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது” என்று அரசியல் சட்டத்தின் 20(3) பிரிவு சொல்கிறது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-இல் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். ஆகவே எந்த ஏர்போர்ட்டிலும் பாஸ்வேர்ட் தர முடியாது என்று சொல்லலாம்தானே?
– சட்ட மாணவர், தஞ்சாவூர்

தம்பி, நீ படித்ததெல்லாம் சரி. ஆனால் அந்தச் சட்டப் புத்தகத்துக்கு விசா கிடையாது. இறங்குகிற ஊரின் சட்டம்தான் அங்கே பேசும். நியூசிலாந்தில் 2018-இன் சுங்கச் சட்டப்படி, நியாயமான காரணம் இல்லாமல் போனைத் திறந்து கொடுக்க மறுத்தால் 5,000 டாலர் வரை அபராதம். பிரிட்டனில் 2000-ஆம் ஆண்டுப் பயங்கரவாதச் சட்டத்தின் 7-வது அட்டவணை, துறைமுகத்திலும் விமான நிலையத்திலும் ஒருவரைச் சந்தேகமே இல்லாமல்கூட 6 மணி நேரம் வரை விசாரிக்க விடுகிறது. பாஸ்வேர்ட் தர மறுப்பது தனிக் குற்றம். லண்டன் ஏர்போர்ட்டில் மறுத்த ஒரு சமூக அமைப்பின் இயக்குநரைக் குற்றவாளி என்றே 2017-இல் நீதிமன்றம் சொல்லிவிட்டது. போகிற நாட்டின் விதியைப் படித்துவிட்டு, அதற்குத் தகுந்த போனை எடுத்துக்கொண்டு போ.

நாகப்பட்டினத்திலிருந்து கப்பலில் காங்கேசன்துறை போய் யாழ்ப்பாணத்தில் சொந்தங்களைப் பார்க்கப் போகிறோம். என் போனில் பத்துப் பதினைந்து வாட்ஸ்அப் குரூப். பழைய போர்க்காலப் படங்கள், தலைவர் படங்கள், பாட்டு என்று தினமும் வந்து விழுகிறது. நான் எதையும் அனுப்புவதில்லை. இதனால் தொல்லை வருமா?
– ஓய்வு பெற்ற ஆசிரியர், நாகப்பட்டினம்

ஐயா, 2023 அக்டோபரில் தொடங்கி, மழைக்காலத்துக்காக நின்று, மறு வருஷம் ஆகஸ்ட்டில் மறுபடி புறப்பட்ட கப்பல் அது. வானிலையைப் பொறுத்து நிறுத்துவார்கள், தேதியை உறுதி செய்துகொள்ளுங்கள். நாலு மணி நேரப் பயணம் என்பதால் பக்கத்து ஊருக்குப் போகிற மாதிரித் தோன்றும். அதுதான் இதில் சிக்கல். வேதாரண்யம் போவதுபோல போனை அப்படியே எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். தாண்டுவது நாட்டு எல்லை.

விடுதலைப் புலிகள் இயக்கம் இலங்கையிலும் தடை செய்யப்பட்டது, 1992-லிருந்து இந்தியாவிலும் தடை. இலங்கையில் 1979-ஆம் ஆண்டுப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ், சமூக வலைத்தளத்தில் போட்ட படத்துக்காகக் கைதானவர்கள் இருக்கிறார்கள். உங்கள் போனைத் திறந்து பார்ப்பார்கள் என்று நான் சொல்லவில்லை. பார்த்தால், “நான் அனுப்பவில்லை, தானாக வந்தது” என்பதை ஒவ்வொரு படத்துக்கும் விளக்கிக்கொண்டிருக்க வேண்டுமே.

மலேசியாவில் நடந்ததைச் சொல்கிறேன். 2019 அக்டோபரில் புலிகள் தொடர்பு என்று 12 பேரைக் கைது செய்தார்கள், அதில் சட்டமன்ற உறுப்பினர்களும் உண்டு. போனிலும் ஃபேஸ்புக்கிலும் இருந்த படங்களும் அந்த வழக்கில் பேசப்பட்டன. போனில் படம் வைத்திருப்பதால் மட்டும் ஒருவர் பயங்கரவாதி ஆகிவிட மாட்டார் என்று சொல்லி 2020 பிப்ரவரியில் அரசுத் தலைமை வழக்கறிஞரே வழக்கைக் கைவிட்டார். நியாயம் கிடைத்தது, கிடைப்பதற்குள் மாதக்கணக்கில் ஆனது.

உங்கள் மனதில் இருக்கிற பாசத்தையும் துக்கத்தையும் அழிக்கச் சொல்ல நான் யார். போனில் மட்டும் கொஞ்சம் வேலை இருக்கிறது. வாட்ஸ்அப் செட்டிங்ஸில் ‘ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா’ என்பதில், படமும் வீடியோவும் தானாக இறங்குவதை மொபைல் டேட்டா, வைஃபை, ரோமிங் மூன்றிலும் நிறுத்துங்கள். அந்தக் குரூப்களிலிருந்து பயணம் முடியும் வரை விலகியிருங்கள். மியூட் செய்தால் சத்தம்தான் நிற்கும், படம் வந்து விழுந்துகொண்டேதான் இருக்கும். திரும்பி வந்ததும் சேர்த்துவிடச் சொல்லி அட்மினிடம் முன்பே ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார். ஏற்கெனவே இறங்கியிருப்பதைக் கூத்தாநல்லூர்ப் பெண்ணுக்குச் சொன்ன இடங்களில் போய்ப் பாருங்கள். வேண்டிய படங்களை வீட்டுக் கம்ப்யூட்டரில் இறக்கிக்கொள்ளுங்கள். எனக்கு இவ்வளவு வேலை முடியாது என்றால், கால் பேசவும் கேமராவுக்கும் மட்டும் ஒரு பழைய போனை எடுத்துப் போங்கள். உங்கள் வயதில் அதுதான் நிம்மதியும்கூட.

சிங்கப்பூரில் வேலைக்குப் போகிறேன். இந்திய சிம்மை அம்மா போனில் போட்டுவிட்டு, ஓடிபி வந்தால் போனில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். சரியா?
– ஒரு வாசகர், திருவாரூர்

ஊர் முழுக்க இப்படித்தான் செய்கிறார்கள், ஊர் முழுக்கப் பணமும் போகிறது. தினமும் “அம்மா, நம்பர் வந்திருக்கா, படி” என்று கேட்டுக் கேட்டு, போனில் யார் கேட்டாலும் நம்பரைப் படித்துச் சொல்கிற பழக்கத்தை அம்மாவுக்கு நாமே ஏற்படுத்திவிடுகிறோம். ஒருநாள் வேறு ஒருவன் “பேங்கிலிருந்து பேசுறேம்மா” என்பான், அம்மா அவனுக்கும் படிப்பார்.

சிம் உன்னோடுதான் வர வேண்டும். கிளம்புவதற்கு முன், இங்கே இருக்கும்போதே, சர்வதேச ரோமிங்கை ஆன் செய்துகொள். அங்கே போய்ச் செய்யப் பார்த்தால் அதற்கே ஒரு ஓடிபி கேட்கும். டேட்டா ரோமிங்கை மட்டும் ஆஃப். இரண்டாவது சிம்மில் அந்த ஊர் நம்பர். சிம்முக்கும் ஒரு பின் போடலாம், நிறையப் பேர் போடுவதில்லை. போன் தொலைந்தால் சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டு உன் ஓடிபி எல்லாம் வாங்கிவிடலாம், அதற்குத்தான் அந்தப் பூட்டு. கொஞ்ச நாளில் வங்கிக் கணக்கை என்ஆர்ஓ கணக்காக (வெளிநாட்டில் வாழும் இந்தியருக்கான கணக்கு) மாற்றத்தான் வேண்டும். மாற்றிய பிறகு சிங்கப்பூர் நம்பரிலேயே யுபிஐ வைத்துக்கொள்ள 2023-லிருந்து வழி இருக்கிறது. அமீரகம், கத்தார், ஓமன், சவுதிக்கும் உண்டு. உன் வங்கி அதைத் தருகிறதா என்று கிளம்புவதற்கு முன் கேட்டுக்கொள்.

சிங்கப்பூர், மலேசியா போகிறவர்களுக்கு ‘அரைவல் கார்டு’ போட்டுத் தர எங்கள் ஊர் நெட் சென்டரில் ஆளுக்கு 500 ரூபாய் வாங்குகிறார்கள். பாஸ்போர்ட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதும் என்கிறார்கள். அனுப்பலாமா?
– ஒரு வாசகி, பட்டுக்கோட்டை

நாட்டுக்குள் நுழையுமுன் நெட்டில் நிரப்புகிற வருகைப் படிவம் அது, இரண்டு நாட்டுக்குமே இலவசம். சிங்கப்பூருக்கு அந்நாட்டு இமிக்ரேஷன் துறையின் தளம், மலேசியாவுக்கும் அப்படியே. போய்ச் சேர்வதற்கு முந்தைய 3 நாளுக்குள் போட வேண்டும். கூகுளில் தேடினால் முதலில் காசு கேட்கிற தளங்கள்தான் வரும். சிங்கப்பூர் அரசுத் தளத்தின் முகவரி ‘கவ் டாட் எஸ்ஜி’ என்று முடியும், மலேசியாவுடையது ‘கவ் டாட் மை’. காசு கேட்டால் அந்த இடத்திலேயே மூடிவிடுங்கள்.

500 ரூபாய் போனால் போகட்டும். அந்தக் கடை கம்ப்யூட்டரின் டவுன்லோட்ஸ் ஃபோல்டரை ஒருநாள் எட்டிப் பாருங்கள். முந்தாநாள் வந்தவரின் பாஸ்போர்ட் முதல் பக்கம், அதற்குக் கீழே யாரோ ஒரு பெண்ணின் ஆதார், அதற்குக் கீழே வங்கி பாஸ்புக், அடுத்து ஒரு குழந்தையின் பிறப்புச் சான்றிதழ். வாட்ஸ்அப் வெப் திறந்தே கிடக்கும், யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து மேலே தள்ளிப் பார்க்கலாம். கடைக்காரர் நல்லவர்தான், அழிக்க நேரமில்லாதவர். உங்கள் பாஸ்போர்ட்டை வெளிநாட்டு அதிகாரி இரண்டு நிமிஷம் பார்த்துவிட்டுக் கொடுத்துவிடுவார். இங்கே அது வருஷக்கணக்கில் கிடக்கும்.

வேறு வழியே இல்லை என்றால் பென் டிரைவில் கொண்டுபோய், பக்கத்தில் நின்று போட்டு, பிரிண்ட் எடுத்து, நகலை அழித்து, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். முகம் கொடுத்துப் பேசத் தயங்காதீர்கள், காசு கொடுக்கிறீர்கள். ஆதார் கேட்டால் கடைசி 4 எண் மட்டும் தெரிகிற மறைத்த ஆதாரைக் கொடுங்கள். அதை ஆதார் ஆணையத்தின் தளத்திலேயே எடுக்கலாம்.

மகனைப் பார்க்க ஆஸ்திரேலியா போகிறோம். பவர் பேங்க், லேப்டாப், என் வீட்டுக்காரரின் விலை உயர்ந்த கேமரா மூன்றும் எடுத்துப் போகிறோம். திரும்பி வரும்போது கஸ்டம்ஸில் வரி கேட்பார்களாமே?
– ஒரு வாசகி, மயிலாடுதுறை

பவர் பேங்க் கைப்பையில்தான் வர வேண்டும் அம்மா, செக்-இன் பெட்டியில் போட்டால் பெட்டியைத் திறக்கச் சொல்வார்கள். 100 வாட்-ஹவருக்குள் இருந்தால் பிரச்சினை இல்லை. பவர் பேங்கின் மேல் 20,000 எம்ஏஎச் என்று போட்டிருந்தால் ஏறக்குறைய 74 வாட்-ஹவர், தாராளமாக எடுத்துப் போகலாம். ஆனால் விமானத்துக்குள் அதைப் பயன்படுத்த 2025-லிருந்து சில விமான நிறுவனங்கள் தடை போட்டுவிட்டன; ஸ்கூட்டும் எமிரேட்ஸும் அதில் உண்டு. ஏறுவதற்கு முன் போனை முழுக்க சார்ஜ் போட்டுக்கொள்ளுங்கள்.

லேப்டாப்பைப் பற்றிக் கவலை வேண்டாம், 18 வயது நிரம்பிய பயணி ஒரு லேப்டாப்பை வரியில்லாமல் கொண்டுவரலாம். அதை மூடித் தூங்க வைக்காமல் முழுக்க ஷட் டவுன் செய்து எடுத்துப் போங்கள், போனுக்குச் சொன்ன அதே காரணம்தான்.

கேமராவுக்கு ஒரு வேலை இருக்கிறது. பில் இருந்தால் எடுத்து வையுங்கள். சர்வதேசப் பயணம் தொடங்குகிற விமான நிலையத்தில், புறப்படும் பக்கத்தில் இருக்கிற கஸ்டம்ஸ் அதிகாரியிடம் கேமராவையும் லென்ஸையும் காட்டி, சீரியல் எண்ணோடு ‘எக்ஸ்போர்ட் சர்டிபிகேட்’ எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். திரும்பி வரும்போது அது இங்கிருந்து போன பொருள்தான் என்பதற்கு அதுவே அத்தாட்சி. பெட்டியை விமான நிறுவனத்திடம் ஒப்படைப்பதற்கு முன் செய்ய வேண்டும், பொருளைக் கண்ணால் பார்த்துத்தான் எழுதுவார்கள். இதற்காக வழக்கமாகப் போகிற நேரத்தைவிட ஒரு மணி நேரம் முன்பே போய்ச் சேருங்கள். சான்றிதழின் மூலத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு, போட்டோ ஒன்றை மகனுக்கு அனுப்பிவிடுங்கள். கேமராவில் இருக்கிற பழைய மெமரி கார்டைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு, புதிதாக ஒன்று போட்டு எடுத்துப் போங்கள்.